தொட்டியிலிருந்து ஆற்றுக்கு எவ்வளவு தூரம்?

மீன் தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். கப்பி நான்கு, பெயர் தெரியாத பச்சைச் செடி ஒரு கொத்து, அடியில் கருப்புக் கூழாங்கல். ஒரு நாள் காலையில் பார்த்தால் கண்ணாடியில் மிளகுப் பருமனில் ஏதோ நகர்கிறது. வீட்டில் யாரும் நத்தை வாங்கி வரவில்லை. அடுத்த வாரம் ஐந்தாறு தெரியும். மாதக் கடைசியில் இரவில் விளக்கைப் போட்டால் கண்ணாடி முழுக்க அதுதான். கோத்தா திங்கித் தாமான் வீடுகளிலும் சரி, சென்னைக் கொளத்தூரில் மீன் வாங்கிப் போகிறவர்கள் வீட்டிலும் சரி, கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

உடனே இரண்டு கேள்விகள் வரும். இது எங்கிருந்து வந்தது? இதை எப்படித் தொலைப்பது? இரண்டாவது கேள்விக்குக் கடைகளில் புட்டியில் அடைத்த பதில் தயாராக இருக்கிறது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்கிறவர்கள் குறைவு. வாளியில் அள்ளி வீட்டுக்கு முன்னால் உள்ள லோங்காங் கால்வாயில் கொட்டிய நத்தை எங்கே போய்ச் சேர்கிறது? வறண்ட ஊரில் இது வேலையற்றவன் கேள்வி. சுங்கை ஜொகூரின் கரையில், ஆண்டில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில், இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கோத்தா திங்கி ஜொகூரின் மிகப் பெரிய மாவட்டம். லோம்போங் அருவி, குனோங் பந்தி காடு, ஒன்றையடுத்து ஒன்றாகப் பெல்டா செம்பனைத் திட்டங்கள், கிழக்கே தென்சீனக் கடல் வரை நீளும் சதுப்பு. இத்தனைக்கும் நடுவே ஆறு. சுமார் 120 கிலோமீட்டர் ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கும் அந்த ஆற்றில் கோத்தா திங்கி நகரத்தின் கால்வாய்கள் எல்லாம் போய்ச் சேர்கின்றன. மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் முன்னணியில் இருக்கும் மாநிலமும் ஜொகூர்தான். பண்ணை, கடை, பாசார் மாலாமில் பிளாஸ்டிக் பையில் தொங்கும் மீன், வீட்டுத் தொட்டி என்று மீனோடு சேர்ந்து நத்தையும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

டிக்கெட் வாங்காத பயணிகள்

முதல் கேள்விக்கான விடை அந்தப் பெயர் தெரியாத செடியில் இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் பசை போல ஒட்டியிருக்கும் சிறு குமிழைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே புள்ளி புள்ளியாக முட்டை தெரியும். பெரும்பாலும் அது ஃபைசா நத்தையின் முட்டை. ஓடு மெல்லியதாக, இடப்பக்கமாகச் சுருண்டிருக்கும். நத்தைகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் சுருள்பவை என்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால் ஒற்றை நத்தை வந்தாலும் வம்சம் தழைக்கும். 1805இல் பிரான்சின் கரோன் ஆற்றில் கிடைத்ததை வைத்து இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். பிறகு பார்த்தால் இதன் பூர்வீகம் வட அமெரிக்கா. பெயர் வைப்பதற்கு முன்பே அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து குடியேறிவிட்டிருந்த நத்தை அது.

அடுத்தது ராம்ஸ்ஹார்ன். ஆட்டுக்கடாக் கொம்பு போலத் தட்டையாகச் சுருண்டது. கடையில் சிவப்பு, நீலம், ரோஸ் என்று விலை வைத்து விற்பார்கள். அந்தச் சிவப்பு ஓட்டின் நிறம் இல்லை. பெரும்பாலான நத்தைகளின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நம்மைப் போல ஹீமோகுளோபின். தோலில் கருமை இல்லாத வகையில் அந்த இரத்தம் வெளியே தெரிகிறது.

மூன்றாவதைப் பற்றி மலேசிய வாசகர் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் உலகம் முழுக்க அது நம் நாட்டுப் பெயரில் விற்கிறது. மலேசியன் ட்ரம்பெட். நீண்டு கூம்பிய ஓடு, பகலெல்லாம் மணலுக்குள் வாசம், இரவில் விளக்கணைத்த பிறகு கண்ணாடியில் ஊர்வலம். முட்டையிடுவதில்லை, குட்டிகளைத் தலைக்குப் பின்னால் உள்ள பைக்குள் வளர்த்து வெளியே விடுகிறது. ஆண் நத்தை அபூர்வம், பெண் தனியாகவே இனம் பெருக்கும். இதன் இயல்பான எல்லை ஆப்பிரிக்காவிலிருந்து தெற்காசியா வழியாக இந்தப் பக்கம் வரை நீள்கிறது. அறிவியலுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் டென்மார்க்குக்காரர் ஒட்டோ ஃபிரெட்ரிக் முல்லர், 1774இல். அவருக்குக் கிடைத்த ஓடு சோழமண்டலக் கரையிலிருந்து போனது. தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்தது. 1620இல் வந்தவர்கள் 1845 வரை அங்கே கடை விரித்திருந்தார்கள். நம் முப்பாட்டன்கள் கப்பலேறி மலாயாவுக்கு வருவதற்கு நூறு ஆண்டுக்கு முன்னாலேயே தமிழ்க் கரை நத்தை ஒன்று கோபன்ஹேகனில் பெயர் வாங்கிவிட்டது. அது பிற்பாடு மலேசியன் என்று கூப்பிடப்பட்டது வணிகர்களின் வேலை.

தொட்டியின் முதல் வேலைக்காரன்

நத்தையைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் மீன் தொட்டி என்ற யோசனையே நத்தையால்தான் நிலைத்தது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்றொரு வேதியியலாளர், 1850 வாக்கில், கண்ணாடித் தொட்டியில் தண்ணீரை மாற்றாமலே மீனை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்று சோதித்தார். இரண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா செடி. செடி பிராணவாயு தரும், மீன் மூச்சுவிடும், கணக்கு சரி. ஆனால் சில நாளில் செடியின் பழுத்த இலை அழுகித் தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. குளத்து நத்தை சிலவற்றைக் கொண்டுவந்து போட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன. அவை இட்ட முட்டையை மீன் தின்றது. தொட்டி தெளிந்தது. அந்தச் சோதனையை அவர் லண்டன் வேதியியல் சங்கத்துக்கு எழுதி அனுப்பிய பிறகுதான் இங்கிலாந்தில் மீன் தொட்டி மோகம் கிளம்பியது.

அன்றைக்குச் செய்த வேலையைத்தான் நத்தை இன்றைக்கும் செய்கிறது. நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் கொண்ட ஒரு பட்டை இருக்கிறது. அதை வைத்துக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே போகும். ட்ரம்பெட் நத்தை மணலைக் கிளறி அடியில் கெட்ட வாயு தேங்காமல் பார்த்துக்கொள்ளும். நல்ல செடியை ஃபைசாவோ ராம்ஸ்ஹார்னோ பொதுவாகத் தொடுவதில்லை. ஓட்டை விழுந்த இலையில் நத்தை உட்கார்ந்திருந்தால், இலை ஏற்கெனவே சாகத் தொடங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

பிறகு ஏன் பெருகுகிறது? தீனி. நம்மவர்களுக்கு மீனுக்குச் சாப்பாடு போடுவதில் ஒரு தாராளம் உண்டு. காலையில் அப்பா ஒரு பிடி, பள்ளிக்குப் போகும் முன் பிள்ளை ஒரு பிடி, மீன் பசியோடு பார்க்கிறதே என்று பாட்டி ஒரு பிடி. மீன் விட்டது அடியில் தங்குகிறது, தங்கியது நத்தையாகிறது. தொட்டியில் எத்தனை நத்தை என்பது, அந்த வீட்டில் எத்தனை பேர் தீனி போடுகிறார்கள் என்பதற்கான கணக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போட்டுப் பாருங்கள். சில வாரத்தில் நத்தை தானாகக் குறையும். அவசரக்காரர்கள் இரவில் ஒரு துண்டு வெள்ளரிக்காயையோ வெந்நீரில் வதக்கிய கங்கோங் தண்டையோ அடியில் வைத்துவிட்டு, காலையில் அப்பிக்கொண்டிருக்கும் நத்தைகளோடு வெளியே எடுக்கலாம்.

புட்டி மருந்துக்கு வருவோம். நத்தை கொல்லிகளில் பலவற்றில் வேலை செய்வது செம்பு. செம்பை இரத்தத்தில் வைத்திருக்கும் பிராணி செம்பிலேயே சாகிறது. அளவு மீறினால் அதுவே விஷம். இறாலும் அதோடு சேர்ந்து போகும். அதைவிட ஆபத்து அடுத்த நாள்தான் தெரியும். மணலுக்குள் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடக்கும் ட்ரம்பெட் நத்தைகள் அழுகி அம்மோனியா ஏறும், மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். நத்தையோடு மீனையும் இழந்து, செம்பு ஊறிய மணலோடு மல்லுக்கட்டுவதற்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், வீட்டுத் தொட்டியில் நத்தைக்கு மருந்து ஊற்றுவது எந்த நிலையிலும் தேவைப்படாத காரியம்.

உயிரால் உயிரை அடக்கும் வழியும் உண்டு. அசாசின் என்று கடையில் விற்கும் கருப்பு மஞ்சள் வரி போட்ட நத்தை நம் தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. மற்ற நத்தையைத் துரத்திப் பிடித்துத் தும்பிக்கையை ஓட்டுக்குள் விட்டு உறிஞ்சும். கேரளத்து ஆறுகளில் வாழும் பட்டாணி அளவுப் பேத்தை மீனுக்கும் நத்தை என்றால் உயிர். ஆனால் உலகத் தொட்டிகளுக்காகப் பிடிப்பதும் ஒரு காரணமாக அழியும் அபாயப் பட்டியலில் ஏறிவிட்ட மீன் அது. நாலு நத்தைக்காக அதை வாங்குவது நியாயமில்லை.

ஜொகூர்த் தண்ணீரும் நத்தை ஓடும்

நத்தையை விரும்பி வளர்ப்பவர்களுக்கு இந்த ஊரில் வேறொரு தொல்லை. குனோங் பந்திப் பக்கத்துக் கரிச்சதுப்புக் காட்டிலிருந்து வரும் தண்ணீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். மிருதுவானது, அமிலத்தன்மை கூடியது. அந்தத் தண்ணீருக்குப் பழகிய சண்டை மீன் பிரியர்கள் தொட்டியில் கெத்தாப்பாங் இலையைப் போட்டு வேண்டுமென்றே அதே குணத்தைக் கொண்டுவருவார்கள். மீனுக்கு அது சுகம். நத்தைக்கு அது நேர்மாறு. ஓடு சுண்ணாம்பால் ஆனது. அமிலம் அதைக் கரைக்கும். ஓட்டின் நுனி வெளுத்து, குழி விழுந்து, பிறகு உடையும். கணவாய் ஓட்டுத் துண்டு, கழுவிய பவளத் துண்டு, காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு, ஓட்டைக் காக்க இந்த மூன்றில் எதைத் தொட்டியில் போட்டாலும் போதும். சண்டை மீனையும் அழகு நத்தையையும் ஒரே தொட்டியில் வைத்துப் பராமரிப்பேன் என்பவர் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

அழகு நத்தைகளில் வரி நெரிட் தனி வகை. கண்ணாடியில் பாசி தின்பதில் அதை மிஞ்ச ஆளில்லை, தொட்டியில் பெருகவும் செய்யாது. வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டும், அத்தோடு சரி. அதன் குஞ்சு வளர உப்புத்தண்ணீர் வேண்டும். பெருகாத நத்தை என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். அதன் மறுபக்கத்தை அவர் சொல்வதில்லை: தொட்டியில் பெருகாது என்றால், விற்பனைக்கு வரும் நெரிட்டுகளை எங்கோ ஒரு கழிமுகத்தில் கையால் பொறுக்கித்தான் கொண்டுவருகிறார்கள்.

சிங்கப்பூர் அலங்கார மீன் கடைகளில் என்னென்ன விற்கிறது என்று ஆய்வாளர்கள் சில ஆண்டு கணக்கெடுத்து 2016இல் வெளியிட்டார்கள். நத்தையும் சிப்பியுமாக 59 வகை. சுலவேசி ஏரிகளில் மட்டும் வாழும் முயல் நத்தை முதற்கொண்டு அதில் உண்டு. காஸ்வேயின் அந்தப் பக்கம் விற்பது இந்தப் பக்கம் வர எத்தனை நேரம் ஆகும்?

சிவப்பு முட்டையின் கதை

இதுவரை சொன்ன நத்தைகளால் தொட்டிக்காரருக்குத்தான் தலைவலி. இனி வருவது நாட்டுக்கே தலைவலியான ஒன்று. லோங்காங் சுவரில், மூங்கில் கம்பில், நெல் தாளில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, பளீரென்ற ரோஸ் நிறத்தில் கொத்தாக முட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிப்புட் கொண்டாங் எமாஸ். தங்க ஆப்பிள் நத்தை.

தென் அமெரிக்காவில் பிறந்தது. 1980 வாக்கில் அர்ஜென்டினாவிலிருந்து தைவானுக்குக் கொண்டுபோனார்கள், உணவாக வளர்த்து விற்க. பிரெஞ்சுக்காரர்கள் நத்தைக்கு நல்ல விலை கொடுப்பார்கள் என்று ஒரு கனவு. தின்றவர்களுக்குச் சுவை பிடிக்கவில்லை, சந்தை படுத்தது, வளர்த்தவர்கள் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அதே கனவு பிலிப்பீன்சுக்கும் ஜப்பானுக்கும் போய் அங்கேயும் அதே மாதிரி கவிழ்ந்தது. சில நாடுகளில் மீன் தொட்டி அலங்காரமாகவும் நுழைந்தது. மலேசியாவில் முதலில் கண்டது 1991இல், சிலாங்கூர் பூச்சோங்கில். அடுத்த ஆண்டு சபாவின் கெனிங்காவ். அதன்பின் நெல் வயல்களுக்குள் போய்விட்டது. நாற்று நட்ட சில நாளில் இளம் தண்டை அடியோடு அறுத்துத் தின்னும். விவசாயி காலையில் வந்து பார்த்தால் வயலில் வட்ட வட்டமாக வெறும் தண்ணீர். உலகின் மோசமான நூறு ஊடுருவி உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தயாரித்த பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

இவ்வளவு வெற்றிக்குக் காரணம் இதன் உடம்பு. செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கெட்ட தண்ணீரில் குழாயை மேலே நீட்டி மூச்சு வாங்கும். குட்டை வற்றினால் கதவை அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் படுத்திருக்கும். முட்டையைத் தண்ணீருக்கு வெளியே இடுவதால் மீன் எட்டாது. எட்டுகிற பிராணியும் தின்னாது, முட்டைக்குள் நரம்பைத் தாக்கும் நச்சுப் புரதம் இருக்கிறது. அந்த ரோஸ் நிறம் அதற்கான எச்சரிக்கை. நம் பழைய கொண்டாங் நத்தையும் கரையேறித்தான் முட்டையிடும், ஆனால் அதன் முட்டை வெளுப்பு. வயலிலோ குட்டையிலோ வெள்ளை முட்டையைக் கண்டால் அதை விட்டுவிடுங்கள். அது இந்த மண்ணின் குடி, குறைந்துகொண்டு வருவது.

கடையில் மிஸ்டரி, கோல்ட் இன்கா என்றெல்லாம் விற்கும் மஞ்சள் நத்தை இதன் நெருங்கிய உறவு, பொமேசியா டிஃபியூசா. அது பெரும்பாலும் அழுகலும் பாசியும் தின்னும், செடியை அவ்வளவாகக் கடிக்காது. அதனால் அமெரிக்கா மற்ற ஆப்பிள் நத்தைகளை அடக்கி இதை மட்டும் விட்டுவைத்தது. ஸ்பெயினின் எப்ரோ கழிமுக நெல் வயலில் ஆப்பிள் நத்தை பரவியதைப் பார்த்த ஐரோப்பிய ஒன்றியம் அவ்வளவு நம்பவில்லை. 2012இல் பொமேசியா பேரினம் முழுவதையும் தடை செய்தது. சின்னக் குஞ்சுகளை வைத்து எது எந்த வகை என்று கடைக்காரரே சொல்ல முடியாதபோது ஐரோப்பியர் செய்ததுதான் புத்திசாலித்தனம் என்று படுகிறது. சாதுவான அந்த டிஃபியூசாவும் இலங்கையின் நீர்நிலைகளில் குடியேறிவிட்டது.

இதில் எதிர்பாராத ஒரு லாபக்காரர் உண்டு. வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போனவர்கள் நத்தை குத்தி நாரையைப் பார்த்திருப்பார்கள். மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க அமைந்த அலகு. தீபகற்ப மலேசியாவில் முன்பு இது பார்க்கக் கிடைக்காத பறவை. தாய்லாந்து வயல்களில் தங்க ஆப்பிள் நத்தை பெருகப் பெருக இதுவும் பெருகித் தெற்கே இறங்கியது, வட மாநில நெல் வயல்களில் கூட்டம் கூட்டமாகத் தங்கியது. 2019 இறுதியில் ஜொகூரைத் தாண்டிச் சிங்கப்பூர் வரை போனது. தைவான் பண்ணையாளரின் நஷ்டக் கணக்கில் ஒரு நாரைக்கு வரவு எழுதியிருக்கிறது.

வாளியைக் கவிழ்க்கும் இடம்

இனி அந்த மூன்றாவது கேள்வி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதை இந்த ஊர்க்காரருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சில வாரத்துக்குள் இரண்டு முறை. கடைத்தெருவில் தண்ணீர் மாடி வரை வந்தது. அந்த மாதிரி வெள்ளத்தில் தொட்டிக்கும் லோங்காங்குக்கும் ஆற்றுக்கும் நடுவே எந்தச் சுவரும் இல்லை. சாதாரண மாலை மழையிலும்கூட லோங்காங்கில் கொட்டியது ராத்திரிக்குள் ஆற்றுப் பக்கம் போய்விடும்.

அந்த ஆறு யாருடையது? 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சுங்கை ஜொகூரிலிருந்து எடுக்கலாம், 2061 வரை. அதற்குத் துணையாக மேலே லிங்கியு அணை. ஜொகூர்க்காரர் குடிக்கும் தண்ணீரும் இந்த ஆற்றுப் படுகையிலிருந்து வருகிறது. நத்தை இருந்தால் குடிநீர் விஷமாகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. சுத்திகரிப்பு நிலையம் எதற்கு இருக்கிறது? ஆனால் ஆற்றுக்குள் போகும் நத்தை வெறும் கையோடு போவதில்லை.

டெக்சஸில் நடந்ததைச் சொல்கிறேன். தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவுக்குப் போன நம் ட்ரம்பெட் நத்தை, கோமல் ஆற்றின் ஊற்றுப் பகுதியிலும் குடியேறியது. அந்த ஊற்றுகளை நம்பி ஃபவுன்டன் டார்ட்டர் என்றொரு சின்னஞ்சிறு மீன் வாழ்கிறது, ஏற்கெனவே அழியும் பட்டியலில் உள்ளது. நத்தை தன்னோடு ஓர் ஆசியத் தட்டைப்புழுவைக் கொண்டுபோனது. 1990களில் பார்த்தபோது அந்த மீனின் செவுள் முழுக்கப் புழுவின் முட்டைக்கூடுகள். மூச்சுவிட முடியாத மீன். ஹாங்காங்கில் 1970களில் கண்டுபிடித்த தென் அமெரிக்க நத்தை ஒன்று மனிதருக்கு நத்தைக் காய்ச்சல் தரும் புழுவைச் சுமக்கக் கூடிய இனம். அது நீர்ச்செடி, அலங்கார மீன் வணிகத்தோடு வந்தது என்று தெரியவந்தது. புழு வந்து சேரவில்லை. நத்தை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நேர் எதிரான கதையும் உண்டு. கரீபியனின் மார்ட்டினிக் தீவில் அதே ட்ரம்பெட் நத்தையை 1980களில் வேண்டுமென்றே விட்டு, நோய் பரப்பும் உள்ளூர் நத்தையைப் போட்டியில் தோற்கடித்தார்கள். ஒரே நத்தை ஓர் ஊரில் வைத்தியன், இன்னோர் ஊரில் வில்லன்.

மலேசியாவுக்கே சொந்தமான அனுபவமும் இருக்கிறது. வயலில் இறங்கியவர்களின் காலில் வரும் அரிப்புக்குக் காரணம் மாட்டையும் எருமையையும் தாக்கும் ஒரு புழுவின் குஞ்சு என்று 1938இல் பக்லி என்ற ஆய்வாளர் காட்டினார். அந்தப் புழுவைச் சுமப்பது இண்டோபிளனோர்பிஸ் என்ற நத்தை, ராம்ஸ்ஹார்ன் குடும்பத்து ஆள், தெற்காசியக்காரன். தமிழ்நாட்டு மாடுகளுக்கும் இதே நத்தை வழியாக நோய் வருகிறது. வீட்டுத் தொட்டியில் பிறந்து வளர்ந்த நத்தையால் இப்படி எதுவும் வராது. புழுவின் சுற்று முடிய மாடோ எருமையோ வேண்டும், உங்கள் வரவேற்பறையில் அது இல்லை. ஆகவே பயப்பட வேண்டியது தொட்டி நத்தைக்கு இல்லை. லோங்காங்கிலிருந்தும் வயலிலிருந்தும் பொறுக்கி வந்து தொட்டியில் விடும் நத்தைக்குத்தான். தங்க ஆப்பிள் நத்தையில் எலியின் நுரையீரல் புழுவும் இருக்கக்கூடும். அரைவேக்காடாகத் தின்றால் மூளைவரை போகும். பிள்ளைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், இந்த ஊருக்கே உரியது. கோத்தா திங்கிக்கு வரும் சுற்றுலாக்காரர் பலர் இரவில் படகேறிப் பெரெம்பாங் மரத்தில் மின்மினி பார்க்க வருகிறார்கள். மின்மினியின் குழந்தைப் பருவம் நத்தை தின்று கழிகிறது என்பதைப் படகுக்காரர் எப்போதும் சொல்வதில்லை. கோலா சிலாங்கூர் மின்மினிகளை ஆராய்ந்தவர்கள், நிப்பா அடியில் ஈரச் சேற்றில் வாழும் அரிசி போன்ற ஒரு குட்டி நத்தைதான் அவற்றின் புழுப் பருவத்துக்கு இரை என்று கண்டார்கள். நம் ஆற்றங்கரைச் சேற்றிலும் மின்மினிக்கு நத்தை வேண்டும். வயலிலும் கால்வாயிலும் ஆப்பிள் நத்தையைக் கொல்ல ஊற்றும் மருந்து எந்த நத்தை நல்லது, எது கெட்டது என்று பார்ப்பதில்லை. தொட்டியில் ஊற்றிய செம்பு மருந்துத் தண்ணீரை லோங்காங்கில் விடும்போதும் இதே கதைதான். நத்தையே வேண்டாம் என்பவரும் ஆற்றுக்கு ஒரு வகையில் கெடுதலே செய்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் உயிர் மீன் இறக்குமதி ஏற்றுமதிக்கு அனுமதி கேட்கிறது. எல்லையில் நிறுத்தும் சட்டத்தால் இலைக்கு அடியில் ஒட்டி வரும் முட்டையைப் பிடிக்க முடியாது. அந்த வேலை வாங்குகிறவரிடம்தான் இருக்கிறது. புதிதாக வாங்கிய செடியைத் தனி வாளியில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். இலையைத் திருப்பிப் பசையைக் கையால் வழித்துவிடுங்கள். வேண்டாத நத்தையை மூடிய பையில் போட்டு ஃபிரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம்; அதற்கு மனம் வராதவர் நசுக்கி மீனுக்கே போட்டாலும் மீன் சந்தோஷப்படும். தொட்டித் தண்ணீரைச் சல்லடையில் வடிகட்டி வாழைக்கோ மல்லிகைக்கோ ஊற்றினால் செடிக்கு அது உரம். ரோஸ் முட்டையைச் சுவரில் கண்டால் கையுறை போட்டுக்கொண்டு வழித்துத் தண்ணீருக்குள் தள்ளி நசுக்கிவிடுங்கள்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். தரையோடு தரையாகத் தொட்டியும் சிமெண்டுக் குளமும் வைத்திருக்கும் கோத்தா திங்கிக்காரர்கள், மரச்சாமானை மாடிக்கு ஏற்றும்போதே தொட்டியிலும் குளத்திலும் இருக்கும் ஆப்பிள் நத்தைகளையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அந்த வேலைக்கு அக்டோபர் கடைசி வாரமே தாமதம்தான்.